சர்க்கரைப் பாகில் ஊறும் ஹாலப்பீனோ மிளகாய்: செய்முறையும் ஐயங்களும்

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

அனைவருக்கும் வணக்கம். கோடை முழுவதும் வெப்பம் தாங்காமல் பூவை உதிர்த்துவிட்டு நின்ற ஹாலப்பீனோச் செடிகள், இரவுகள் சற்றுக் குளிரத் தொடங்கியதும் இங்கே மறுபடியும் காய்த்துக் குலுங்குகின்றன. முதல் உறைபனி விழுவதற்குள் எல்லாவற்றையும் பறித்தாக வேண்டும் என்பதால், டெக்சஸ் வீடுகளில் இந்தப் பருவத்தில் ஏதாவது ஒரு மிளகாய்ப் பண்டம் அடுப்பில் இருந்துகொண்டே இருக்கும். இம்மாநிலம் 1995-இல் ஹாலப்பீனோவைத் தன் அதிகாரபூர்வ மிளகாயாகவே அறிவித்துக்கொண்டது. அப்பண்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, 'கௌபாய் கேண்டி' என்று இங்கு அழைக்கப்படும் பாகு மிளகாய். வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த பாகில் மிளகாய் வில்லைகளைச் சிறிது நேரம் வேகவிட்டு ஜாடியில் அடைத்து வைப்பதுதான் அது.

இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை சிலவற்றைப் படித்தேன். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பாகு இறுகும்வரை கொதிக்கவிடும்படி அவை சொல்கின்றன. அப்படிச் செய்தால் மிளகாய் குழைந்து, தோல் தனியே சுருண்டு, வாயில் நார்போல் நிற்கும். மிளகாய்க்குத் தேவைப்படுவது குறுகிய வேக்காடு, பாகுக்குத் தேவைப்படுவது நீண்ட கொதி. இரண்டையும் பிரித்துச் செய்வதில்தான் இப்பண்டத்தின் தரமே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கு பரவலாகப் புழங்கும் அளவு இது. சுமார் 1.35 கிலோ மிளகாய்க்கு 1.2 கிலோ சர்க்கரை, 5 சதவீத அமிலமுள்ள ஆப்பிள் சிடர் வினிகர் 475 மில்லி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, செலரி விதை அரைத் தேக்கரண்டி, உலர்ந்த பூண்டுத்தூள் 3 தேக்கரண்டி, காரம் கூடுதலாக வேண்டுவோருக்கு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி. மிளகாயை நன்றாகக் கழுவிக் காம்பு நீக்கி, 6 மில்லிமீட்டர் கனத்தில் வட்ட வில்லைகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, தணலைக் குறைத்து 5 நிமிடம் வைத்த பிறகு வில்லைகளைப் போட்டு, மீண்டும் கொதி வந்ததிலிருந்து 4 நிமிடம் மட்டும் வேகவிட்டு, கண்கரண்டியால் அரித்தெடுத்துச் சூடான ஜாடிகளில் நிரப்ப வேண்டும். பின்னர் அடுப்பைக் கூட்டிப் பாகை மட்டும் 6 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, ஜாடியின் விளிம்புக்குக் கீழே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு ஊற்ற வேண்டும். மரக்குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு மூடி, கால் லிட்டர் அளவுள்ள ஜாடியானால் 10 நிமிடமும் அரை லிட்டரானால் 15 நிமிடமும் கொதிநீரில் முழுக வைத்து எடுத்தால் அலமாரியில் வைக்கலாம்.

வில்லைகளை எடுத்த பிறகு ஏன் பாகைத் தனியே கொதிக்கவிட வேண்டும் என்று கேட்கலாம். பச்சை மிளகாயின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அந்த 4 நிமிடத்துக்குள் அதில் ஒரு பங்கு பாகில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். இறுதிக் கொதி அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகத்தான். நம் சமையல் வழக்கில் சொல்வதானால், விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் பதத்தில் நிறுத்திவிட வேண்டும்; ஒரு கம்பிப் பதத்துக்குப் போனால், ஆறியபின் பாகு மிகவும் இறுகி வில்லைகளுக்குள் ஊறாது. ஜாடியை இரண்டு வாரமாவது திறக்காமல் விட்டுவைத்தால்தான் இனிப்பு உள்ளே இறங்கிக் காரத்தோடு ஒன்றும்.

அடையாற்றங்கரை (சென்னை)

மிகவும் பொறுமையாக விளக்கியிருக்கிறீர்கள் அக்கா, நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இங்கே ஹாலப்பீனோ பெரிய அங்காடிகளில் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. பஜ்ஜி மிளகாயைப் பயன்படுத்தினால் சரியாக வருமா? அடுத்ததாக, எங்கள் வீட்டு வினிகர் பாட்டிலில் 4 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு சதவீத வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா?

குளிர்நாட்டான் (டொராண்டோ)

உணவுப் பதப்படுத்துதல் என் தொழில் என்பதால் இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். பொருட்படுத்தத் தக்கது மட்டுமல்ல, இச்செய்முறையில் மிகுந்த கவனம் வேண்டிய இடமே அதுதான்.

மிளகாய் இயல்பில் அமிலம் குறைந்த காய். காற்றுப்புகாத ஜாடியில் அடைத்து அறை வெப்பத்தில் வைக்கும்போது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்கு மேல் இருந்தால், அதாவது அமிலம் போதாவிட்டால், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரி முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். அதன் வித்துகள் 100 டிகிரி செல்சியஸ் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தக் கலனில் ஏறத்தாழ 116 டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் அழியும். ஆகவே கொதிநீரில் ஜாடியை வைப்பது பூஞ்சையையும் நொதியையும் மற்ற நுண்ணுயிரிகளையும் ஒழிக்கிறதே தவிர, அந்த வித்துகளை ஒழிப்பதில்லை. அவற்றை முளைக்கவிடாமல் வைத்திருப்பது வினிகரின் அமிலம். அந்த நச்சு இருந்தாலும் நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமல் போகலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் இங்கே பயன்படாது.

அமெரிக்கச் செய்முறைகள் அனைத்தும் 5 சதவீத வினிகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீத அசிட்டிக் அமிலம் இருந்தால் போதும்; அதனால்தான் அங்கே கடைகளில் 4 சதவீதப் பாட்டில்கள் பரவலாகக் கிடைக்கின்றன. கணக்குப் போட்டு 475 மில்லிக்குப் பதில் 594 மில்லி ஊற்றினால் அமிலத்தின் மொத்த எடை சமமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரும் கூடிவிடுவதால், அது சோதிக்கப்பட்ட விகிதமாக இருக்காது. எனவே 4 சதவீத வினிகரில் செய்வதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு உரிய பண்டமாக மட்டும் கருதுங்கள்; அங்கே இரண்டு மூன்று மாதம் நன்றாக இருக்கும். அடர் அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் நீர்த்துக்கொள்ளும் வேலையில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். தோலையும் கண்ணையும் அது பொசுக்கிவிடும்.

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

தம்பி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். பஜ்ஜி மிளகாய் நன்றாகவே வரும். சதை ஹாலப்பீனோவைவிடச் சற்று மெல்லியது என்பதால் வில்லைகளைக் கொஞ்சம் கனமாக நறுக்கி, வேகும் நேரத்தில் ஒரு நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரம் போதவில்லை என்றால் நாலைந்து சாதாரணப் பச்சை மிளகாயைக் கீறிச் சேர்க்கலாம். ஆனால் மொத்த எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முறைக்கு 450 கிராம் மிளகாய், 400 கிராம் சர்க்கரை, 160 மில்லி வினிகர் என்ற அளவே போதுமானது.

வைகைக்கரை (மதுரை)

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஓராண்டு கெடாமல் இருக்கும். வினிகரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மோர் மிளகாயும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பதப்படுத்தி வாழ்ந்த நமக்கு இந்த அளவுக்கு அச்சமூட்ட வேண்டுமா? சர்க்கரையே ஒரு பதப்படுத்தும் பொருள்தானே? வினிகரைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்துவிட்டால், நம் நாக்குக்கு ஏற்றதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

குளிர்நாட்டான் (டொராண்டோ)

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நம் முன்னோர் செய்த பதப்படுத்தல்களில் பழுதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற காப்பு அதனுள்ளேயே இருக்கிறது. எலுமிச்சை தானே கடும் புளிப்புடையது, அதோடு உப்பும் தாராளமாகச் சேர்கிறது. மாங்காய் ஊறுகாயும் அப்படியே. மோர் மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து இரவில் மோரில் போட்டு, கடைசியில் சருகாக உலர்த்திவிடுகிறோம். புளித்த மோர் அமிலத்தைத் தருகிறது, உலர்த்துவது ஈரத்தை நீக்குகிறது, உப்பும் உண்டு. எனவே நுண்ணுயிரி வளர அங்கே ஈரமே இல்லை.

பாகு மிளகாயின் நிலைமை இவற்றிலிருந்து மாறுபட்டது. உப்பு இல்லை, உலர்த்தல் இல்லை, காயில் சொந்தப் புளிப்பும் இல்லை. காற்றுப்புகாமல் வேறு அடைக்கிறோம். சர்க்கரை காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குச் சர்க்கரை காயின் உள்சதைவரை போதிய அடர்த்தியில் இறங்கியிருக்க வேண்டும். 4 நிமிடம் வெந்த வில்லையில் அடைக்கும் நேரத்தில் அது நடந்திருக்காது. அதனால்தான் வினிகரைக் குறைக்க வேண்டாம் என்கிறேன். எலுமிச்சைப் பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவு மாறாது. உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விரும்பினால் உலர்ந்த மசாலாப் பொருள்களில் மாற்றலாம். செலரி விதையை விட்டுவிட்டுச் சீரகமோ கடுகோ மிளகோ போடுங்கள், அதனால் அமிலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது. பூண்டைப் பச்சையாகத் தட்டிப் போடுவது, வெங்காயம் சேர்ப்பது, எண்ணெய் ஊற்றுவது ஆகியவற்றை மட்டும் அலமாரி ஜாடியில் தவிர்த்துவிடுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

விளக்கம் தெளிவாக இருக்கிறது தம்பி. மோர் மிளகாயையும் பாகு மிளகாயையும் ஒரே தட்டில் வைத்து நான் நிறுத்தது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வினிகர் நெடி எனக்கு ஒத்துக்கொள்ளாது. எனவே எலுமிச்சை சேர்த்துக் கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவேன்.

சிறுவாணி (கோவை)

வணக்கம். வில்லைகள் பாகில் போட்டவுடன் சுருங்கி, திராட்சை வற்றல்போல் ஆகிவிடுவது எதனால்? சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்தால் மொறுமொறுப்பு நிற்கும் என்று ஒருவர் சொன்னார். பூசணித் துண்டில் செய்யும் ஆக்ரா பேட்டாவுக்கு அப்படித்தான் செய்கிறார்களாம். அதை இங்கேயும் கடைப்பிடிக்கலாமா?

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

மிகவும் அடர்ந்த பாகில் காயைத் திடீரென்று போட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் சவ்வூடு பரவலால் விரைவாக வெளியேறும். சர்க்கரையோ மெதுவாகத்தான் உள்ளே வரும். வெளியேறும் வேகத்துக்கும் உள்வரும் வேகத்துக்கும் உள்ள இந்த இடைவெளிதான் சுருக்கமாகத் தெரிகிறது. வில்லைகளைப் போடுவதற்கு முன்பே பாகைக் கெட்டியாக்கிவிடுவதும், மிகவும் மெல்லியதாக நறுக்குவதும், 4 நிமிடத்துக்கு மேல் வேகவிடுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். கொஞ்சம் சுருங்கிய வில்லைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜாடியில் ஊற ஊறப் பாகை உறிஞ்சிப் பெரும்பாலும் மீண்டும் பூரித்துக்கொள்ளும். முதல் சில நாள் அவை மேலே மிதந்தாலும் குற்றமில்லை. உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதும் மெல்ல இறங்கும்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, அது காயின் திசுக்களைப் பிணைக்கும் பெக்டின் என்னும் பொருளோடு கால்சியத்தைச் சேர்த்து இறுக்கத்தைத் தருகிறது என்பது சரியே. ஆனால் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. ஊறிய காயைப் பலமுறை புதுத் தண்ணீரில் அலசாவிட்டால், நாம் இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் அமிலத்தை அதுவே முறித்துவிடும். பேட்டாவைச் சர்க்கரை முழுவதுமாக ஊறும்வரை காய்ச்சி உலர்த்துகிறார்கள், அதனால் அங்கே அது பொருந்துகிறது. இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. பறித்த அன்றே, கல்போல் இறுகிய காயைப் பயன்படுத்தினால் மொறுமொறுப்பு தானாகவே நிற்கும். தோலில் பழுப்பு நிறக் கீறல்கள் ஓடும் காய்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவை நன்கு முற்றியவை, சுவையும் அவற்றில் கூடுதல்.

கையைப் பற்றியும் ஒரு சொல். காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையுறை இல்லையென்றால் நறுக்குவதற்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரம் மிகுதியாக இருப்பது விதையில் அன்று, விதைகளைத் தாங்கும் வெண்ணிற நரம்பில்தான். பிள்ளைகளுக்காகச் செய்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். வினிகரும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கும்போது எழும் ஆவி தொண்டையைப் பிடிக்கும் என்பதால், ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டே அடுப்பை மூட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

பாகுப்பதம் (பினாங்கு)

நான் இதே பண்டத்தை முற்றிலும் வேறு வழியில் செய்கிறேன். முழுச் சிவப்பு மிளகாயைக் கீறி விதை நீக்கி, இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்து, சம எடைச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த நீர்த்த பாகில் ஊறப்போடுவேன். மறுநாள் காயை எடுத்துவிட்டுப் பாகில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் மீண்டும் காயை இடுவேன். இப்படி நாள்தோறும் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டினால், தண்ணீர் வெளியேறும் வேகமும் சர்க்கரை உள்ளே போகும் வேகமும் ஏறத்தாழ இணையாகிவிடுவதால் சுருக்கமே விழாது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இறுதியில் கம்பி வலையில் உலர்த்தினால், கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவும் சிவப்பு மிளகாய் கிடைக்கும். பிரெஞ்சு நாட்டில் பழங்களைச் சர்க்கரையில் பதப்படுத்தும் பழைய முறை இதுதான். வினிகர் முறையில் செய்த வில்லை ஊறுகாய்க்கு நெருக்கமானது. மிட்டாய் என்று சொல்லத் தகுந்தது இப்படி மெல்ல மெல்லச் சர்க்கரையேற்றிய காய்தான் என்பது என் எண்ணம்.

குளிர்நாட்டான் (டொராண்டோ)

அழகான முறை, ஐயா. ஆனால் முதல் சில நாள் பாகு நீர்த்திருக்கும்போது அமிலமும் இல்லை, போதிய சர்க்கரையும் இல்லை. நம் ஊர்களின் வெப்பத்தில் அதை மேசைமேல் வைக்காமல், ஒவ்வொரு கொதிக்குப் பிறகும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பானது.

நீங்கள் சிவப்பு மிளகாயைத் தேர்ந்தெடுத்ததற்கு மற்றொரு நற்பயனும் உண்டு. பச்சை மிளகாயை அமிலத்தில் சூடாக்கினால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் நீங்கி, நிறம் மங்கிய காக்கியாகிவிடும். பாகு மிளகாயில் மஞ்சள்தூள் சேர்ப்பது அதை ஓரளவு மறைக்கும். பழுத்த மிளகாயின் சிவப்பைத் தரும் நிறமிகள் அமிலத்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. ஹாலப்பீனோவும் செடியிலேயே விட்டால் சிவந்து இனிக்கும். பச்சையும் சிவப்பும் கலந்து அடைத்த ஜாடி பார்ப்பதற்கே அழகு.

அடையாற்றங்கரை (சென்னை)

சர்க்கரையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடலாமா? அல்லது அளவைப் பாதியாக்கலாமா? வீட்டில் சர்க்கரை நோயாளி ஒருவர் இருக்கிறார்.

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

வெல்லத்தின் மணம் மிளகாயோடு மிகவும் இசைவாக இருக்கும் தங்கையே. ஆனால் கரும்புச் சாற்றைக் காய்ச்சும்போது அழுக்கு நீக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம் என்பதாலும், வெல்லத்தின் ஈரப்பதம் ஒரே சீராக இராது என்பதாலும், அதில் செய்வதைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வையுங்கள். வடிகட்டிய பாகாக எடுத்துக்கொள்வது நல்லது.

சர்க்கரையைப் பாதியாக்கினால் கிடைப்பது இனிப்பு ஊறுகாய். அதுவும் சுவையானதுதான், ஆனால் பாகு வில்லைமேல் படியாது. வெள்ளைச் சர்க்கரைப் பாகு ஜாடியில் நெடுநாள் பூக்காமல் நிற்பதும் வினிகரின் உதவியால்தான். அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் மணிமணியாகக் கட்டிக்கொள்வதில்லை. பாதுஷாப் பாகில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதற்காகத்தானே. நோயாளிக்கு இதில் எந்த மாற்றம் செய்தாலும் ஏற்றதாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு வினிகரில் ஊறிய சாதாரண மிளகாயைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள்.

நீலமலை (உதகை)

எங்கள் ஊர் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ஜாடிகளைக் கொதிநீரில் வைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டுமா?

குளிர்நாட்டான் (டொராண்டோ)

கட்டாயம் கூட்ட வேண்டும். 10 நிமிடச் செய்முறைக்கு, 1,000 அடிக்கு மேல் 6,000 அடிவரை 5 நிமிடமும், அதற்கும் மேலே 10 நிமிடமும் சேர்ப்பது அமெரிக்க வழிகாட்டுதல்களில் உள்ள பொதுவான அளவு. உதகை 7,000 அடியைத் தாண்டுவதால் கால் லிட்டர் ஜாடிக்கு 20 நிமிடம் வைக்கவும். பாகின் பதத்தை வெப்பமானி கொண்டு பார்ப்பவர்களானால், சமவெளிக்குச் சொன்ன டிகிரிக் கணக்கு அங்கே பொருந்தாது. விரலால் பார்ப்பதே மேல்.

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

எதனோடு சாப்பிடுவது என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். இங்குள்ளவர்கள் உப்பு பிஸ்கட்மேல் கிரீம் சீஸைத் தடவி, அதன்மேல் நாலு வில்லைகளை வைத்து விருந்தினருக்குக் கொடுப்பார்கள். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் காரத்தைப் பற்றிக்கொண்டு விலக்குவதால், இனிப்பு முதலில் தெரிந்து காரம் பின்னால் மெல்ல எழும். புகையில் வெந்த மாட்டிறைச்சிக்கும் சோள ரொட்டிக்கும் இது நெடுநாள் துணை. எங்கள் வீட்டில் தயிர் சோற்றுக்கு இது இல்லாமல் நடப்பதில்லை. அங்கேயும் தயிர் அதே வேலையைத்தான் செய்கிறது.

மிஞ்சும் பாகைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு ஜாடியில் தனியே அடைத்து வைத்துக்கொண்டு, கோழியையோ பன்னீரையோ வாட்டும்போது இறுதி நிமிடங்களில் மேலே தடவினால் பளபளவென்று படியும்; முன்பே தடவினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

அடையாற்றங்கரை (சென்னை)

இவ்வார இறுதியில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பஜ்ஜி மிளகாயில், 4 சதவீத வினிகரைக் கொண்டு, குளிர்சாதனப் பெட்டிக்கு உரிய முறையிலேயே தொடங்குகிறேன் அக்கா. பூண்டுத்தூள் வாங்கியாகிவிட்டது, செலரி விதைக்குப் பதில் சீரகம் போடலாம் என்றிருக்கிறேன். ஜாடியை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டுமா, சுத்தமாகக் கழுவினால் போதுமா?

கொல்லைத்தோட்டம் (ஹூஸ்டன்)

குளிர்சாதனப் பெட்டிக்கானால் சோப்பால் நன்கு கழுவி, வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவைத்தால் போதும். ஆனால் பாகை ஊற்றும் நேரத்தில் ஜாடி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். உலோக மூடியைவிட உட்புறம் பூச்சுள்ள மூடியையோ பிளாஸ்டிக் மூடியையோ போடுங்கள். வினிகர் வெறும் தகரத்தை அரித்துவிடும். செய்த தேதியை ஜாடிமேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.